சினேகாவின் அறைச் சுவர்

"நேத்து தட்டிப் பார்த்தேன்க்கா, கெட்டியா இருந்துச்சு. இன்னிக்கு இந்த ஒண்ணு மட்டும் கொடகொடன்னு கீது."

கொத்தனார் சுகுமார் ஒரு நாணயத்தால் அந்த டைல்ஸை மறுபடி தட்டிக் காட்டினார். பின்னால் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும், காலியாக இருந்தால் வெறும் பானை போலக் கேட்கும். வந்து பிரித்து ஒட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

ஈரச் சிமெண்ட் வாசனையில் ஜெரூஷா தனியாக நின்றாள். சிட்லபாக்கத்தில் ஏரியைப் பார்த்து வீடு வாங்கினால் ஏரியும் சுவர் வழியாக வீட்டுக்குள் வரும் என்று விற்றவர் சொல்லவில்லை. ஹாலுக்கு டெக்ஸ்சர் பெயிண்ட், சமையலறைக்கு வெள்ளை டைல்ஸ், தன் அறைக்கு டிஸ்டெம்பர் என்று ஷேட் கார்டும் கையுமாக ஒரு மாதம் அலைந்து எல்லாவற்றையும் முடிவு செய்தவளுக்கு, ஆறு வயது மகள் சினேகாவின் அறைதான் பெரிய மல்லுக்கட்டாகிவிட்டது. அவளுக்கு மஞ்சள் வால்பேப்பர் வேண்டும். ஓதம் ஏறுகிற சுவரில் பேப்பர் ஒரு மழைக்குத் தாங்காது என்று ஜெரூஷா நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டச் சொன்னாள். "டைல்ஸ் வேணாம்மா, சுவரு என்னைய உள்ள வச்சு மூடிக்கும்மா" என்று நேற்று மதியமெல்லாம் அழுதவள், கடைசி டைல்ஸ் ஒட்டியதும் சட்டென்று நிறுத்தினாள்.

ராத்திரி சினேகாவின் வழக்கமான மூன்று தட்டும் வரவில்லை. இருவரின் அறைக்கும் நடுவே இருப்பது இந்த ஒரே சுவர்தான். விளக்கை அணைத்ததும் சினேகா மூன்று தட்டு தட்டுவாள், அம்மா திருப்பி ஒன்று தட்டினால்தான் தூங்குவாள். கோபம் தணிந்தால் சரியாகிவிடும் என்று ஜெரூஷா விட்டுவிட்டாள்.

இப்போது அந்தக் காலி டைல்ஸிலிருந்து சத்தம் வந்தது.

டக். டக். டக்.

தன் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. கட்டில், மின்விசிறி, சுவர். காதை வைத்தாள். சத்தம் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நடுவில் இருந்தது. நாலரை இன்ச் செங்கல் சுவர் அது. பூனைகூட நுழைய முடியாது.

ஒரு தட்டு தட்டினாள்.

"அம்மா."

சினேகாவின் குரல். சுவருக்குள்ளே.

திரும்ப ஓடிவந்து சுகுமாரின் சுத்தியலை எடுத்தாள். அடித்தாள். டைல்ஸ் சிதறியது. உள்ளங்கை கிழிந்தது. கலவை. செங்கல். மறுபடியும் செங்கல். "இதோ வந்துட்டேன் கண்ணு. இயேசப்பா, என் பிள்ளைய குடுத்துருங்க." இன்னொரு அடி.

"ஏம்மா உடைக்கிற?"

வாசலில் சினேகா. கையில் பொம்மை. உயிரோடு, முழுசாக.

சுத்தியல் கீழே விழுந்தது. ஓடிப்போய் அவளை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே பிள்ளையின் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

கொட். கொட்.

பிள்ளையின் முதுகு வெறும் பானை போலக் கேட்டது. கை நின்றது.

உடைந்த சுவருக்குள் மூன்று தட்டு. முன்னைவிட மெதுவாக.

கழுத்தைச் சுற்றிய சின்னக் கைகள் இறுகின.

"டைல்ஸே இருக்கட்டும்மா," என்றது காதோரம். "திரும்ப ஒட்டிடச் சொல்லு."