கரித்தூண்

கரிமேட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த கூலி லைனில் இருநூறு வீட்டுக் கதவிலும் காலையிலேயே சிவப்பு விளக்கு எரிந்தது. நிலவாசிப்பான் சொல்லிவிட்டது: அடியில் வெறும் பொந்து, மாலைக்குள் காலி செய்யவும்.

மலையின் நூறு வருட வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உயரக்கோடுகள் எங்கே நகர்ந்திருக்கின்றன என்று பார்த்து, பழைய சுரங்கப் படத்தோடு பொருத்தும் எந்திரம் அது. அதைக் கேட்காமல் நாட்டில் யாரும் கக்கூஸ் குழிகூட வெட்டுவதில்லை.

பேருந்துகள் வந்து நின்றன. ஆழ்துளை போடும் சகாயராணி மூட்டை கட்டவில்லை. துளைவண்டியைத் தன் வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்தாள்.

"என்னம்மா பண்றே?" அதிகாரி நவநீதன் ஓடி வந்தார்.

"ஒரே ஒரு துளை சார். பொந்துன்னா நானே முதல் ஆளா பஸ் ஏறுறேன்."

"அது இதுவரைக்கும் தப்பு சொன்னதே இல்லம்மா."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லிக்குவார்." மூட்டையும் கையுமாக நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

நாற்பதாவது மீட்டரில் பொந்து இருக்க வேண்டும். இல்லை. கெட்டிக் கரி, கறுப்புச் சேறாகப் பொங்கி வந்தது. சுரங்கத்தின் கூரையைத் தாங்கும் கரித்தூண் அப்படியே நின்றது.

"தூணை வெட்டி எடுத்தாச்சுன்னு படத்துல இருக்கே!"

"அந்தக் காலத்துல படம் வரையற அளவைக்காரர் குழிக்குள்ள இறங்க மாட்டார் சார். குழி வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து, ஏறி வர்றவங்ககிட்ட 'இன்னைக்கு எங்க வெட்டுனீங்க'ன்னு கேட்டுத்தான் வரைவார். சுரங்க மேனேஜர் தூணை வெட்டச் சொல்லியிருப்பார். மேல பொண்டாட்டி புள்ள படுத்திருக்கிற தரைக்கு அடியில எவன் சார் வெட்டுவான்? வெட்டினதாச் சொல்லிட்டாங்க."

"அப்ப வெளிய போன கரி எங்கேருந்து வந்தது?"

சகாயராணி நவநீதன் கையிலிருந்த வரைபடத் திரையில் விரலை ஓட்டினாள். எதிர்க் குன்றின் உச்சியைச் சுற்றிய உயரக்கோட்டு வளையம் ஒவ்வொரு வரைபடத்திலும் சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. குன்று அமுங்குகிறது. எந்திரம் அதன் பக்கத்தில் எழுதியிருந்தது: 'உயரக்கோடு வரைந்தவர் பிழை. சுரங்கப் படத்தின்படி அடியில் வெட்டாத கரி.'

குன்றின்மேல் இருப்பது பழைய மேனேஜர் பங்களா. இன்று நிலவாசிப்பானும் எழுபது ஊழியர்களும் இருக்கும் அலுவலகம்.

நவநீதன் உடனே அலுவலகத்தை அழைத்தார். "எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க," என்று கைப்பேசியில் கத்தினார்.

பங்களாத் தோட்டத்து ஓரத்தில் போட்ட துளையில், பதினோராவது மீட்டரிலேயே துளைக்கம்பி பிடியை விட்டு வெறும் பொந்துக்குள் ஓடியது.

லைனைக் காலி செய்ய வந்த பேருந்துகள் அலுவலகத்தைக் காலி செய்தன. நவநீதன் நிலவாசிப்பானுக்குப் புதிதாக ஒரு கேள்வி கற்றுக்கொடுத்தார்: சுரங்கப் படத்தில் இந்தக் கோட்டைச் சொன்னவன் வீடு எங்கே இருந்தது?

ஒரே வாரத்தில் சிவப்பு விளக்கு பங்களாக் கதவுகளுக்கு மாறியது; மலைத்தொடர் முழுக்கக் குன்றுமேல் பங்களாக்காரர்கள் இறங்கி வந்து, கூலி லைன்களில் இடம் கேட்டு நின்றார்கள். முதலில் வந்த குடும்பம் தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தது.

"நல்லா ஊன்றி நடங்க," என்றாள் சகாயராணி. "இங்க கீழ வேலை பார்த்தவங்க, மேல ஆள் இருக்குன்னு தெரிஞ்சவங்க."