பஞ்சுவுக்கு இன்னும் கொஞ்சம் இடம்

பள்ளிக்கூடத்து முயல் பஞ்சு, சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடவே இல்லை. கேரட்டை நீட்டினால் முகர்ந்து பார்க்கும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அதைப் பார்க்க முயல் டாக்டர் வந்தார். மாடு, நாய், பூனை எல்லாவற்றுக்கும் அவர்தான் டாக்டர். ஆனால் பிள்ளைகளுக்கு அவர் முயல் டாக்டர்தான்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. இடம்தான் பத்தல" என்றார் டாக்டர். "இது ஓடணும், குதிக்கணும். இந்தச் சந்துக்குள்ள திரும்பக்கூட முடியல, பாவம்!"

அவர் சொன்னது சரிதான். கம்பித் தட்டிகளை ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டி, சுவரோரமாகப் பஞ்சுவுக்கு வேலி போட்டிருந்தார்கள். நீளமான, ஒடுங்கிய வேலி.

தலைமையாசிரியை கையை விரித்தார். "இருக்கிறதே பன்னிரண்டு தட்டிதான், டாக்டர். எப்படி மாத்தி வச்சாலும் பன்னிரண்டு பன்னிரண்டுதானே?"

"அப்போ வெள்ளிக்கிழமை நான் கூட்டிட்டுப் போயிடறேன். எனக்குத் தெரிஞ்ச பண்ணையில பெரிய தோட்டம் இருக்கு."

தண்ணீர்க் கிண்ணத்தோடு அங்கே நின்றிருந்த நண்டு என்ற சிறுமி இதைக் கேட்டுத் திடுக்கிட்டாள். நடக்கப் பழகிய நாட்களில் பக்கவாட்டிலேயே நகர்ந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். இப்போது நேராகத்தான் நடக்கிறாள். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தினமும் காலையில் பஞ்சுவுக்குத் தண்ணீர் வைப்பவள் அவள்தான்.

அடுத்தது கணக்கு வகுப்பு. டீச்சர் பலகையில் ஒரு சதுரம் வரைந்தார்.

"இதோட சுற்றளவு பன்னிரண்டு. பரப்பளவு எவ்வளவு? நண்டு, நீ சொல்லு."

நண்டுவின் மனம் பஞ்சுவிடமே இருந்தது. "பன்னிரண்டு, டீச்சர்."

வகுப்பே சிரித்தது. நண்டுவுக்குக் காது சூடாகிவிட்டது. சுற்றளவு, பரப்பளவு இரண்டும் அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. எது எது என்று எப்போதும் குழம்பிவிடும்.

அன்று மாலை, சாப்பாட்டு மேசையில் கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே தம்பி பால் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்க்கா மூஞ்சிய உம்முனு வச்சிருக்க?"

"பஞ்சுவ அனுப்பப் போறாங்கடா."

"ஏன்?"

எப்படிச் சொன்னால் இவனுக்குப் புரியும்? பல்குச்சி டப்பாவை எடுத்துப் பன்னிரண்டு குச்சிகளை மேசையில் அடுக்கினாள். மேலே ஐந்து, கீழே ஐந்து, இரண்டு முனையிலும் ஒவ்வொன்று.

"இதான் பஞ்சுவோட வேலி. உள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு பாரு." சதுர பிஸ்கட்டுகளை உள்ளே வைத்தாள். ஐந்துதான் கொண்டது.

தம்பியின் கண் விரிந்தது. "உள்ள இருக்கிற பிஸ்கட் எல்லாம் எனக்கா?"

"சரி, உனக்குத்தான்."

"அஞ்சுதானா? வேலிய பெருசாக்குக்கா!"

"முடியாதுடா. குச்சி பன்னிரண்டுதான்."

தம்பியின் உதடு பிதுங்கியது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அவன் அழ ஆரம்பித்தால் தெருவே எட்டிப் பார்க்கும்!

"இரு இரு, அழாத. மாத்தி வச்சுப் பாக்கறேன்."

மேலே ஒரு குச்சியை எடுத்தாள். கீழே ஒன்றை எடுத்தாள். எடுத்த இரண்டையும் முனைகளில் சேர்த்தாள். இப்போது மேலேயும் கீழேயும் நான்கு, பக்கவாட்டில் இரண்டிரண்டு. உள்ளே பிஸ்கட் அடுக்கினாள்.

ஐந்து... ஆறு... ஏழு... எட்டு!

நண்டு திகைத்துப்போனாள். குச்சிகளை எண்ணினாள். பன்னிரண்டேதான். "நான் ஒரு குச்சிகூடச் சேக்கலையே!"

இன்னொரு முறை மாற்றினாள். எல்லாப் பக்கமும் மூன்று மூன்று. பிஸ்கட் ஒன்பது! அவள் மறுபடி எண்ணப் போனபோது எட்டுதான் இருந்தது.

"டேய், சாப்பிடாத! அது பரப்பளவு!"

"இல்ல, பிஸ்கட்டு" என்றான் தம்பி, வாய் நிறைய.

மறுநாள் கணக்கு டீச்சர் வகுப்பறைக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே நண்டு அவர் முன்னால் போய் நின்றாள். மூச்சு விடாமல் குச்சி, பிஸ்கட், தம்பி, பஞ்சு என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

டீச்சர் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார். "வாங்க எல்லாரும். வெளியில போய்ப் பாத்துடலாம்."

வகுப்பிலேயே உயரமான நெட்டை, பஞ்சுவைக் கூடையோடு மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் பழைய வேலிக்குள் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர். முழங்கால் மோவாயில் இடித்தது.

"ஐயோ, பஞ்சு எப்படித்தான் இதுக்குள்ள இருந்துச்சோ!" என்றான் ஒருவன்.

"டீச்சர், இன்னும் நீளமா ஆக்கினா?" என்று கேட்டான் கண்ணாடிக்காரன். மூக்கு நுனிக்கு வந்த கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே கேட்டான்.

"செஞ்சு பாரேன்."

ஆறு தட்டி அந்தப் பக்கம், ஆறு தட்டி இந்தப் பக்கம் வைத்தார்கள். முனைக்குத் தட்டியே மிச்சமில்லை. இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"இதுக்குள்ள முயல் நிக்காது. முயல் படத்தைத்தான் செருகி வைக்கலாம்!" என்றாள் நெட்டை. கண்ணாடிக்காரனே விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகு நண்டு சொன்னபடி புல்தரையின் நடுவில் மூன்று மூன்றாக மாட்டினார்கள். ஒன்பது பேர் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை ஓடிவந்தார். "என்ன கூத்து இது? முயல் வெளியில, பிள்ளைங்க உள்ளேயா?"

"பரப்பளவு படிக்கிறோம், மேடம்" என்றார் டீச்சர்.

"புதுசா தட்டி எங்க கிடைச்சுது?"

"அதே பன்னிரண்டுதான், மேடம்" என்றாள் நண்டு. "சுத்தி இருக்கிறது மாறல. உள்ள இருக்கிறதுதான் மாறிச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்த இரட்டைப் பிள்ளைகளை அவள் ஒரு வழியாக அடையாளம் கண்டுகொண்டாள்!

தலைமையாசிரியை நம்பவில்லை. வேலியைச் சுற்றிவந்து தட்டிகளை எண்ணினார். எதிர்த் திசையில் சுற்றிவந்து இன்னொரு முறை எண்ணினார். "அட, ஆமாம்!" என்றார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் கூண்டோடு வந்தார். நண்டு வேலிப் பக்கம் ஓடிவந்து நின்றாள். இது போதும் என்று டாக்டர் சொல்ல வேண்டுமே!

டாக்டர் குனிந்து வேலிக்குள் பார்த்தார். உள்ளே பஞ்சு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடியது. அந்தரத்தில் எகிறி உடம்பை ஒரு முறுக்கு முறுக்கியது. நெட்டை கேரட்டை நீட்டினாள். கறுக் கறுக்கென்று கடித்துத் தின்றது. பிறகு நடுவில் வந்து நின்று, திடீரென்று பொத்தென்று பக்கவாட்டில் விழுந்தது. நாலு காலும் நீட்டிக்கொண்டன.

"ஐயோ! பஞ்சு!" பிள்ளைகள் அலறினார்கள். தலைமையாசிரியை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நண்டுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் கடகடவென்று சிரித்தார். "பயப்படாதீங்க! ஒண்ணும் ஆகல. மனசு நிம்மதியா இருந்தா முயல் இப்படித்தான் படுக்கும். இடம் இருந்தாத்தானே காலை நீட்ட முடியும்?"

"அப்போ... கூட்டிட்டுப் போக மாட்டீங்களா?" என்று கேட்டாள் நண்டு.

"எதுக்கும்மா? இங்கேயே இருக்கட்டும்." டாக்டர் காலிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

பஞ்சு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. நண்டு கண்ணைத் துடைத்தாள். "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டாள். பிறகு வேலிக்கு வெளியே, கைகால்களை நீட்டிக்கொண்டு, அவளும் பொத்தென்று புல்லில் சாய்ந்தாள்.