ஏற்றத்தில் திணறிய வேன்

சனிக்கிழமை காலை எட்டு ஐம்பது. நீச்சல் வகுப்பு ஒன்பதரைக்கு. தம்பி இன்னும் சட்டைகூட மாற்றவில்லை.

“கால் வலிக்குது. நான் வரல” என்றான்.

போன வாரமும் இதையேதான் சொன்னான். அதற்கு முந்தின வாரம் வயிற்று வலி.

தம்பிக்கு எட்டு வயது. எனக்குப் பதினொன்று. அவன் எங்கே போனாலும் சக்கர நாற்காலியில்தான் போவான். தண்ணீரில் மட்டும் அது வேண்டாம். அங்கே அவனைத் துரத்திப் பிடிக்க என்னால் முடிந்ததே இல்லை.

அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் வெளியே போனார்கள்.

“பொய்தானே?” என்றேன்.

அவன் சுவரைப் பார்த்தான்.

“அம்மா அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். சத்தியமா.”

“நான் ஏறினா வேன் திணறுது அக்கா.” மூக்கை உறிஞ்சினான். “அப்பா போன்ல சொன்னாரு. ‘இவ்வளவு லோடை ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. பேசாம வித்துடலாம்’னு. லோடுன்னா நானும் நாற்காலியும்தானே? அதான் சாப்பாட்டைக் குறைச்சுட்டேன்.”

“நேத்து மூணு தட்டு சாப்பிட்டியே?”

“இல்லன்னா நாலு சாப்பிட்டிருப்பேன்.”

எங்கள் வேன் பழசு. ஆட்டோமேட்டிக் கியர். பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்தால் நாற்காலி அப்படியே உள்ளே போகும். வேறு வண்டியில் போகாது. வேனை விற்றால் நீச்சலும் இல்லை.

ஒரு மாதமாக அது நீச்சல் குளத்து ஏற்றத்தில் திணறுகிறது. இன்ஜின் கத்தும். வண்டி நகராது. பிறகு முதுகில் குத்துவதுபோல் ஓர் உதறல்.

தெருமுனைப் பட்டறை ஸ்பேனர் அக்கா இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார். “வெண்ணெய் மாதிரி போகுது. இதுல என்ன குறை?” என்றார்.

நான் யோசித்தேன். அவர் ஓட்டியது பட்டறைக்கு முன்னால் உள்ள சமமான சாலையில். தம்பி உள்ளே இல்லை. நாங்கள் ஏற்றத்துக்குப் போவதோ தம்பியை நீச்சலுக்குக் கூட்டிப் போகும்போது மட்டும்தான். அப்படியானால் வேனுக்குப் பிடிக்காதது ஏற்றமா, தம்பியா?

பட்டறைக்கு ஓடினேன். அம்மா அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். ஸ்பேனர் அக்காவிடம் சொல்லலாம். சொன்னேன்.

அவர் துணியில் கையைத் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சரி. ஏத்தத்துலயே ஓட்டிப் பார்த்துடுவோம். நான் மட்டும் ஏறுறேன்.”

“தம்பி மேல இருந்து பார்க்கணும் அக்கா.”

“கூட்டிட்டு வா.”

வேனைச் சோதிக்க என்று மட்டும் வீட்டில் சொல்லி, ஏற்றத்தின் அடி வரை வேனிலேயே போனோம். அங்கே இறங்கி, அப்பாவும் நானும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேடேறினோம். பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது.

“நான் கனம்தானே?” என்றான் தம்பி.

“பேசாம வா. உன் வாய்தான் கனம்.”

உச்சியில், நடைபாதையில் நின்றோம். கீழே வேன் கிளம்பியது. பாதி ஏற்றம் வரை ஒழுங்காக வந்தது. பிறகு கத்தியது. நகரவில்லை. உதறியது. மறுபடி கத்தியது.

தம்பி நாற்காலியின் கைகளைப் பிடித்து எம்பினான்.

“நான் உள்ள இல்ல! அப்பா, நான் உள்ள இல்லவே இல்ல! அப்பவும் கத்துது!”

வண்டி கெட்டுப்போனதற்கு ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அப்பா சிரிக்கவில்லை. அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அவர் நாற்காலி முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“இதுக்காகவாடா ரெண்டு வாரமா வரல?”

தம்பி தலையாட்டினான்.

“நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா” என்றார். அவன் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

வேன் தட்டுத் தடுமாறி மேலே வந்து சேர்ந்தது. ஸ்பேனர் அக்கா அதைச் சமமான இடத்தில் நிறுத்தினார். இன்ஜினை நிறுத்தவில்லை. முன்மூடியைத் திறந்து ஒரு நீளக் கம்பியை உருவினார். துடைத்தார். மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் ஈரம்.

“கியர் ஆயில் ஃபுல்லா இருக்குன்னு யார் சொன்னது?”

“நான்தான்” என்றார் அப்பா. “ஞாயிற்றுக்கிழமை தவறாம பார்ப்பேனே.”

“இன்ஜின் ஓடும்போதா, நிறுத்திட்டா?”

“நிறுத்திட்டுத்தான். இன்ஜின் ஆயிலை அப்படித்தானே பார்க்கிறோம்?”

“சார், அது வேற, இது வேற. இந்த வண்டியில இன்ஜினை நிறுத்தினா கியர் ஆயில் எல்லாம் கீழ இறங்கிடும். குறைஞ்சிருந்தாலும் ஃபுல்லுன்னுதான் காட்டும். இதைச் சூடா, ஓடும்போது பார்க்கணும்.” கம்பியைத் திரும்பச் செருகினார். “இருக்கிற ஆயில் சமமான ரோட்டுக்குப் போதும். ஏத்தத்துல அதுவும் பின்னால ஒதுங்கிடுது. பம்பு காத்தைத்தான் உறிஞ்சுது. நீங்க சொன்னதை நம்பி நானும் பார்க்காம விட்டேன் பாருங்க, அது என் தப்பு.”

அப்பா வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு மேகம்கூட இல்லை.

“அப்ப மீதி ஆயில் எங்க போச்சு?” தம்பி கேட்டான்.

“நல்ல கேள்வி.” ஸ்பேனர் அக்கா இன்ஜினை நிறுத்திவிட்டு, டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் படுத்தார். குரல் மட்டும் வந்தது. “இதோ. ரப்பர் குழாய் கசியுது.”

“வண்டியை வித்துடணுமா?”

“எதுக்கு? குழாயை மாத்திப் புது ஆயில் ஊத்தினாப் போதும். நல்லவேளை, கியர்பாக்ஸ் வீணாகறதுக்குள்ள வந்தீங்க.”

அடுத்த சனிக்கிழமை நான்கு பேரும் ஏறினோம். தம்பிதான் முதலில். ஏற்றம் தொடங்கியது. அம்மா இருக்கையைப் பிடித்துக்கொண்டார். தம்பி என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

பாதி ஏற்றம் போனது. முக்கால் போனது. கியர் எப்போது மாறியது என்றே தெரியவில்லை. உச்சியில் நீச்சல் குளத்தின் வாசல் தெரிந்தது.

தம்பி என் விரலை விட்டான். முன்னால் குனிந்தான்.

“அப்பா, திரும்பக் கீழ போய் இன்னொரு தடவை ஏறலாமா?”