நான் அடித்துவிட்ட பெயர்

என்னை வீட்டில் எல்லோரும் அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் முழுப்பெயர், செல்லம் வந்தால் வெறும் குடுக்கை.

நான் என்ன செய்வது? சூடான பாலை ஆறவிட எனக்கு நேரமிருக்காது. ஷூவுக்கு நாடா கட்ட நேரமிருக்காது. லிப்ட் வரும்வரை பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பேன். என் அப்பா லிப்ட் மெக்கானிக். “எத்தனை தடவை அழுத்தினாலும் அது ஒரே தடவைதான் வரும்டி” என்று தலையில் அடித்துக்கொள்வார்.

அம்மாவுக்கு ஏழு மாதமானபோது, ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, “பாப்பா நல்லா இருக்கு!” என்றார்கள். அன்றைக்கே பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினோம். பாப்பாவுக்கு ஒரு நல்ல குணத்தைப் பெயராக வைப்பது என்று முடிவு.

அப்பா ‘துணிவு’ என்று எழுதினார். நான் ‘கருணை’ என்று எழுதினேன். அம்மா ‘பொறுமை’ என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“பெரியவகிட்டதான் அது மருந்துக்குக்கூட இல்ல. சின்னதுகிட்டயாவது இருக்கட்டும்.”

அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் இல்லாதபோது சிவப்புப் பென்சிலை எடுத்தேன். பொறுமை என்ற பெயரைத் தாள் கிழியும்வரை அடித்தேன்.

மூன்றாம் நாள் பாப்பா பிறந்துவிட்டது, இரண்டு மாதம் முன்னாலேயே.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். எதுவும் சொல்ல முடியாதுங்கிறார் டாக்டர். இவளுக்கு அப்படி என்ன அவசரமோ...” என்றார். போனை வைத்துவிட்டு அழுதார். அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பொறுமையை அடித்தது யார்? நான்தானே! அதனால்தான் பாப்பா பொறுமையில்லாமல் ஓடிவந்துவிட்டாள். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் அம்மா என் முகத்திலேயே முழிக்க மாட்டாளே!

அதற்குப் பிறகு வீடு வீடாகவே இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில். அப்பா வருவார், குளிப்பார், போவார். பிரிட்ஜ் கதவில் இருந்த தாளைப் பிய்த்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். அதில் இருந்த சிவப்புக் கிறுக்கலைக்கூட அவர் பார்க்கவில்லை.

“பாப்பாவுக்குப் பேரு?” என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

“ஆமா, இப்போ பேரு ஒண்ணுதான் குறைச்சல்! வாயை மூடிட்டுச் சாப்பிடு.”

தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கூடப் பிறந்தவர்கள் உள்ளே வந்து ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்றார்கள். அப்பாவும் நானும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினோம். நான் அவசரமாகக் கழுவினேன் என்று நர்ஸ் அக்கா மறுபடியும் கழுவச் சொன்னார்.

வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஏழாவது பெட்டியருகே நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பாப்பா அப்பாவின் ஒரு கைக்குள் அடங்கிவிடுவாள்போல இருந்தாள். மூக்கில் குழாய். பெட்டியில் ஒரு அட்டை: ‘பெண் குழந்தை. பெட்டி 7.’

திடீரென்று மெஷின் கத்தியது. நர்ஸ் அக்கா பெட்டியின் ஓட்டைக்குள் கைவிட்டு, பாப்பாவின் உள்ளங்காலைச் சுண்டினார். “ஏழு! ஏய் ஏழு! மூச்சு விடு.”

பாப்பாவின் மார்பு ஏறி இறங்கியது. கத்தல் நின்றது.

“இவ்வளவு சீக்கிரம் பொறந்த குழந்தைங்க மூச்சு விட மறந்துடும். தட்டி ஞாபகப்படுத்தணும்” என்றார் அக்கா.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “நான்தான்! எல்லாம் என்னாலதான்! அம்மா எழுதின பொறுமையை நான்தான் அடிச்சேன். அதான் பாப்பா அவசரமா வந்துட்டா!”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “என்னடி உளர்ற?” என்று என் கையைப் பிடித்து இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். “எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிடுச்சு, அதான் சீக்கிரம் எடுத்தாங்க. பென்சில்ல அடிச்சா பாப்பா வருமா? பதினோரு நாளா இதையா மனசுல வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச?”

“இவளா அவசரக்காரி?” என்றார் நர்ஸ் அக்கா. “ஊசி போட்டாலும் ஆர்ப்பாட்டம் கிடையாது. சொட்டு சொட்டாப் பால் குடுப்போம். ஒரு ஸ்பூன் உள்ள போக ஒரு மணி நேரம் ஆகும். இந்த அறையிலேயே இவதான் பொறுமைசாலி.”

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினேன்.

“அப்பா, லிப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா முதல்ல என்ன கேப்பீங்க?”

“இப்போ எதுக்கு அது?”

“சொல்லுங்க.”

“பேரு கேப்பேன். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா உள்ள இருக்கறவங்களுக்குப் பயம் தெரியாது.”

“பாப்பாவும் பெட்டிக்குள்ளதானே மாட்டிக்கிட்டிருக்கா? அவளை மட்டும் ஏன் ஏழுன்னு கூப்பிடணும்?”

அப்பா சுவரைப் பார்த்தார். “பேர் வெச்சுட்டு, அப்புறம் அவ நமக்கு இல்லேன்னு ஆயிட்டா... என்னால தாங்க முடியாதும்மா.”

“பேர் வைக்கலேன்னா மட்டும் தாங்குவீங்களா? எனக்கு இப்பவே தாங்கலப்பா.”

அம்மாதான் பேசினாள். “பொறுமை. நான் முதல்லயே சொன்னேன், யாரு கேட்டீங்க?”

நர்ஸ் அக்கா பேனாவை நீட்டினார். அப்பா பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நான் வாங்கிக்கொண்டேன். ஏழு என்ற எண்ணுக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக எழுதினேன்.

எழுதி முடிப்பதற்குள் மெஷின் மறுபடி கத்தியது. நர்ஸ் அக்கா உள்ளங்காலைச் சுண்டினார். அப்பா சட்டென்று குனிந்து ஓட்டையருகே வாயை வைத்தார். பூட்டிய லிப்ட் கதவுக்கு வெளியே நின்று பேசுவாரே, அதே குரல்.

“பொறுமை, அப்பா வெளியிலதான் நிக்கறேன். எங்கயும் போகல. மூச்சு விடும்மா.”

ஒன்றும் நடக்கவில்லை. அக்கா இன்னொரு தடவை சுண்டினார். நான் அம்மாவின் விரலை நசுக்கிக்கொண்டிருந்தேன்.

மார்பு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது.

நாளைக்கு என்ன ஆகும் என்று டாக்டருக்கே தெரியாது. எங்களுக்கும் தெரியாது. அப்பா முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

“அஞ்சு நிமிஷம் ஆச்சு. வாடி அவசரக்குடுக்கை, கிளம்பலாம்.”

“இருங்கப்பா, என்ன அவசரம்?” என்றேன். பொறுமை இன்னொரு மூச்சு விட்டாள்.