வாய்க்காலில் கேட்ட கொசுறு

கடலூர் முதுநகரில் வேர்க்கடலை மண்டி, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை மண்டி, வைத்திருக்கும் ஞானசேகரன், எந்தக் கடையிலும் கொசுறு வாங்காமல் படியிறங்கியதில்லை. கத்தரிக்காய் வாங்கினால் கொத்தமல்லி. சட்டை எடுத்தால் கைக்குட்டை. பல் டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்கி முடித்தபோதுகூட, வாயில் பஞ்சோடு, பக்கத்துப் பல்லையும் சும்மா ஒருதரம் தட்டிப் பார்த்துவிடச் சொன்னவர் அவர்.

வாங்குகிற மாதிரியே கொடுக்கவும் செய்வார். மண்டியில் நிறுத்து முடித்த பிறகு ஒரு கை மல்லாட்டையை அள்ளிப் பைக்குள் போடுவார். யாராவது வம்புக்கு, "அதையும் தராசுல வைங்க மொதலாளி" என்றால், "கொசுற யாராவது எடை போடுவாங்களா?" என்று சிரிப்பார். அவருடைய மகள் இசைவாணி மூன்றாம் வகுப்பு. அப்பாவின் அந்த வசனத்தை அவரைப் போலவே தலையைச் சாய்த்துச் சொல்லிக்காட்டுவாள்.

பள்ளி விட்டதும் மண்டிக்கு வந்து, மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் அவள் ஏறி நிற்க வேண்டும். அது தினப்படி வழக்கம். வட்ட முகத்தில் முள் நடுங்கி ஏறி ஓரிடத்தில் நிற்கும்.

"அப்பா, எவ்ளோ?"

"அரை மூட்டைகூடத் தேறல. போய் மல்லாட்டை தின்னு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் கோயிலை முடித்து, மதியச் சாப்பாட்டையும் முடித்து, கிள்ளை வழியாகக் காரில் பிச்சாவரம் வந்தார்கள். படகுக்கு டிக்கெட் விலையில் பேரம் கிடையாது என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தது. அதுவே ஞானசேகரனுக்கு மனத்தாங்கல். அவருடைய மனைவி சந்திரலேகா மகளுக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையின் வாரைக் கட்டிக்கொண்டே, "படகுக்காரர்கிட்டயாவது வாய வச்சுக்கிட்டுச் சும்மா வாங்க" என்றாள்.

படகுக்காரர் பொன்னுரங்கம். அவருக்கும் வாய் சும்மா இருக்காது.

"இங்க முதலை இருக்கா?" என்று கேட்டாள் இசைவாணி.

"கொள்ளிடத்துல வெள்ளம் வந்தா ஒண்ணு ரெண்டு இந்தப் பக்கம் ஒதுங்கும் பாப்பா. பண்டிகைக்கு வர்ற சொந்தக்காரங்க மாதிரி. சாப்ட்டுட்டுப் போயிடும்."

"யாரச் சாப்ட்டுட்டு?" என்றாள் சந்திரலேகா.

"மீனத்தாம்மா. மனுசன் ருசியெல்லாம் அதுக்கு எதுக்கு?"

அகலமான நீர்ப்பரப்பில் படகு வழுக்கிக்கொண்டு போனது. இரு கரையிலும் சுரபுன்னை மரங்கள் வேர்க்கால்களைத் தண்ணீரில் ஊன்றி நின்றன. நாரைகள், நல்ல காற்று, எதிர்ப்படகுகளில் செல்ஃபி எடுக்கும் கூட்டம். சுற்றி முடித்துப் படகைத் திருப்பும்போதுதான் ஞானசேகரனின் கண்ணில் அந்த வாய்க்கால் பட்டது. இரண்டு மரங்கள் தலை முட்டிக்கொண்ட இடத்தில், ஓர் ஆள் படுத்தால் அடைத்துவிடும் அகலத்தில், ஒரு கறுப்பு வாசல்.

"அதுக்குள்ள கொஞ்சம் போயிட்டு வாங்களேன். கொசுறா."

பொன்னுரங்கத்தின் துடுப்பு நின்றது.

"அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க சார்."

"எந்த வார்த்தைய?"

"நீங்க கேட்டத. எங்கூர்ல மீன் விக்கிற பொம்பளைங்க, வாங்குறவுங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு மீன ஜாஸ்தியாப் போட்டுருவாங்க. கேக்கவே விடக் கூடாது. கேட்டா இந்தக் காட்டுக்கும் கேட்டுரும். அப்புறம் அது குடுக்கும்."

"குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே?"

"திருப்பிக் குடுக்க முடியாது சார்."

"நான் எதத் திருப்பிக் குடுத்திருக்கேன்?" என்று சிரித்த ஞானசேகரன், காலடியிலிருந்த வறுத்த மல்லாட்டைப் பையை எடுத்துப் பொன்னுரங்கத்தின் மடியில் வைத்தார். "பயமா இருந்தா சொல்லுங்க, திரும்பிடலாம்."

ஆண்பிள்ளையைப் பார்த்து, அதுவும் ஒரு சின்னப் பெண்ணின் எதிரில், கேட்கக் கூடாத கேள்வி அது. பொன்னுரங்கம் பையை ஓரமாக வைத்துவிட்டு, துடுப்பை உள்ளிழுத்து, கழியைக் கையில் எடுத்தார்.

"குனிஞ்சு கண்ண மூடிக்கோங்க. வாசல்ல தில்ல மரம் நிக்குது. அதோட பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்."

மூவரும் குனிந்து கண்ணை மூடினார்கள். இலைகள் முதுகைத் தடவிக்கொண்டு போயின.

கண்ணைத் திறந்தபோது பகல் வெளியே நின்றுவிட்டிருந்தது.

மேலே கிளைகள் பின்னிக் கூரை போட்டிருந்தன. மக்கிய சேறும் உப்பும் கலந்த நாற்றம். வேர்களுக்கிடையே விரல் சொடுக்குவதுபோல ஏதோ இறால் டொக், டொக்கென்றது. காற்று இல்லை. மூன்று மணி வெயில் எங்கே போனதென்று தெரியவில்லை.

இசைவாணி கையைக் குவித்துக் கத்தினாள். "ஓ..."

எதிரொலி வரவில்லை.

"நான் கேக்கறேன் பாரு" என்று ஞானசேகரன் நெஞ்சை நிமிர்த்தினார். "என்னப்பா, கொசுறு உண்டா?"

இறால் சத்தம் நின்றது.

பிறகு, தரை தட்டிய ஒலியோடு படகும் நின்றது.

பொன்னுரங்கம் கழியை ஊன்றித் தள்ளினார். படகு அசையவில்லை. வாய்க்கால் ஓரத்தில், சற்று முன்பு நீரில் இருந்த வேர்கள் இப்போது முழங்கால் வரை அம்மணமாக நின்றன.

"இன்னிக்குத் தண்ணி இவ்ளோ சீக்கிரமா வத்தாதே" என்றார் அவர்.

"எறங்கித் தள்ளுவோம்" என்று ஞானசேகரன் வேட்டியை மடித்தார்.

பொன்னுரங்கம் அவர் கையைப் பிடித்தார். வந்த வழியைக் கண்ணால் காட்டினார்.

வாசலுக்குக் குறுக்கே, சேற்றில், அடிமரம்போல ஒன்று கிடந்தது. அதற்குக் கண்கள் இருந்தன.

சந்திரலேகா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். செல்போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் மறுபடி ஏறினால்தான் படகு மிதக்கும், அதற்குள் இருட்டிவிடும் என்று பொன்னுரங்கம் முணுமுணுத்தார். முதலை வாயைப் பிளந்து கிடந்தது. ஆனால் அது படகிலிருந்தவர்களைப் பார்க்கவில்லை. படகுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் அது வாயை மூடியது. மெல்ல, வாலை முன்னே விட்டு, பின்னாலேயே நகர்ந்தது. வேர்களுக்குள் புகுந்து, கிளைகள் முறிய முறிய ஓடியது.

"முதல போயிடிச்சு" என்றாள் சந்திரலேகா, உயிர் வந்தவளாக.

"எதப் பாத்துட்டுப் போச்சு?" என்றார் பொன்னுரங்கம். அவர் இறங்கவில்லை.

இசைவாணி படகின் விளிம்பில் குனிந்திருந்தாள். படகைச் சுற்றி மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

"அப்பா, தண்ணில நான் இருக்கேன்."

"நிழல்ம்மா. இப்படி வா."

"இல்லப்பா. நான் சிரிக்கல. அது சிரிக்குது."

ஞானசேகரன் அவளை வெடுக்கென்று இழுத்து மடியில் உட்கார வைத்தார். குழந்தையின் நெஞ்சு அவர் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. இருபது வருஷமாக மூட்டையைத் தொட்டே எடை சொல்லும் கை அது. இவளை இங்கிருந்து முழுசாக வெளியே கொண்டுபோனால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. போதும் என்ற சொல் அவர் மனதில் எழுந்ததே அன்றுதான்.

படகின் அடிப்பலகையில் யாரோ நகத்தால் கீறினார்கள்.

முன்னாலிருந்து பின்னால் வரை. மறுபடியும். நிதானமாக, சரக்கைத் தடவிப் பார்ப்பதுபோல.

"எனக்குக் கொசுறு வேணாம்" என்று ஞானசேகரன் இருட்டைப் பார்த்துக் கிசுகிசுத்தார். "தெரியாமக் கேட்டுட்டேன்."

கீறல் நிற்கவில்லை.

"எங்கள வெளிய விட்டுடு. உனக்கு எது வேணும்னாலும் எடுத்துக்க."

"சார்" என்று பொன்னுரங்கம் அவர் வாயைப் பொத்த வந்தார். வார்த்தை அதற்குள் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் எதிராளியை முதலில் விலை சொல்ல வைத்தவர், விலையே கேட்காமல் தலையாட்டிவிட்டிருந்தார்.

கீறல் நின்றது.

படகு மிதந்தது.

வேர்கள் அப்படியே வெளியில்தான் நின்றன. தண்ணீர் ஏறியதாகத் தெரியவில்லை. பொன்னுரங்கம் யோசிக்கவில்லை. கழியை ஊன்றி, படகைப் பின்னோக்கியே தள்ளினார். வாசல் நெருங்கியது.

"குனிஞ்சு கண்ண மூடிக்கோங்க."

ஞானசேகரன் மகளை மடியிலிருந்து இறக்கி எதிரில் உட்கார வைத்து, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இலைகள் முதுகைத் தடவின. நடுவில் ஏதோ ஈரமாக உரசியது. மகளின் கை வழுக்கி நழுவியது.

அவர் கண்ணைத் திறப்பதற்குள் மறுபடி கைக்குள் வந்துவிட்டது.

வெளியே வெயில். நாரைகள். தூரத்தில் படகுக் கூட்டத்தின் சிரிப்பு. எதிரில் இசைவாணி, ஆரஞ்சுச் சட்டையில், அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். படகு முன்பைவிட லேசாகப் போவதை ஞானசேகரனின் உடம்பு உணர்ந்தது. தப்பித்த மனசுக்கு எல்லாமே லேசாகத்தான் தெரியும் என்று எண்ணிக்கொண்டார்.

அப்போது வாய்க்காலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா..."

சந்திரலேகாவின் முகம் வெளிறியது. "ஏங்க, பாப்பா குரல்..."

"திரும்பாதீங்க" என்றார் பொன்னுரங்கம், துடுப்பை வெறிகொண்டு வலித்தபடி. "பதில் சொல்லிடாதீங்கம்மா. உங்க புள்ள உங்க முன்னாடி ஒக்காந்திருக்கு. அப்ப உள்ளேருந்து கூப்புடறது எது?"

அது நியாயமாகத்தான் இருந்தது.

"அப்பா, நான் இங்க இருக்கேன். என்ன விட்டுட்டுப் போறீங்களே."

இசைவாணி உதட்டை மூடியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானசேகரன் அவள் காதுகளைப் பொத்தினார். அழுகை வெகுதூரம் வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

படகுத்துறையில் மூவரும் இறங்கினார்கள். பொன்னுரங்கம் படகின் பக்கப்பலகையையும் அதைத் தொட்டு நின்ற தண்ணீரையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு காருக்கே ஓடிவந்து, மல்லாட்டைப் பையை ஞானசேகரனின் கையில் திணித்தார். ஒரு பருப்புகூட எடுத்திருக்கவில்லை.

"இது எனக்கு வேணாம் சார்" என்றார். கண்ணைப் பார்க்காமல் திரும்பி நடந்தார்.

வீட்டில் இசைவாணி ராத்திரி சாப்பிடவில்லை. பயந்திருப்பாள், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றாள் சந்திரலேகா. காலையில் குழந்தையின் தலையணை நனைந்து, உப்பு நாற்றம் அடித்தது. அழுதிருப்பாள் என்றாள். கை ஐஸாக இருந்ததற்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. பள்ளிக்கு அனுப்பாமல், அப்பாவோடு மண்டிக்குப் போய் ஓடியாடி விளையாடட்டும் என்று அனுப்பிவைத்தாள்.

மண்டியில் அன்று கூட்டம் இல்லை. ஆட்கள் டீக்குப் போயிருந்தார்கள். ஞானசேகரன் ஒரு கை வறுத்த மல்லாட்டையை நீட்டினார். இசைவாணி வாங்கவில்லை. நேராகப் போய்த் தராசில் ஏறினாள். அதைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. வழக்கம் திரும்பிவிட்டது, குழந்தை தேறிவிட்டாள் என்று எழுந்து வந்தார்.

"அப்பா, எவ்ளோ?"

முள் அசையவில்லை.

ஞானசேகரன் கண்ணாடி முகத்தைத் தட்டிப் பார்த்தார். அவளை இறங்கச் சொல்லி, ஒரு மல்லாட்டை மூட்டையைத் தூக்கி வைத்தார். முள் துள்ளி ஏறிச் சரியான இடத்தில் நின்றது. மூட்டையை இறக்கினார். அவளை ஏறச் சொன்னார்.

முள் தூங்கியது.

அவள் நின்ற பலகையில் தண்ணீர் சொட்டியது. மிதந்தெழுந்த படகும், கைக்குள்ளிருந்து நழுவிய விரல்களும், வேர்க்காட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த குரலும் ஒவ்வொன்றாக அவரிடம் திரும்பி வந்தன. கார் சாவி மேசை மேல் இருந்தது. அதை எடுக்கக் கை போனது, எட்டவில்லை.

தராசின் மேல் நின்றபடி அது தலையைச் சாய்த்தது. அவருடைய மகள் சாய்ப்பதைப் போலவே.

"கொசுற யாராவது எடை போடுவாங்களாப்பா?" என்றது.