முந்திப் புறப்பட்ட அதட்டல்

ஆவுடையப்பனை அதட்டும் குரல், அவர் தவறு செய்வதற்குப் பதினான்கு நிமிடங்களுக்கு முன்பே பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டுவிடும். அவர் வாழ்ந்தது செவ்வாய்க் கோளில், செங்குடி என்ற குடியேற்றத்தில். அந்த மாதங்களில் பூமியிலிருந்து ஒரு சொல் அங்கே வந்து சேர அவ்வளவு நேரம் பிடித்தது.

செங்குடியின் தண்ணீர்க் குழாய்களுக்குப் பொறியாளர் அவர். பார்க்கின்சன் நோய், தொடக்கநிலை. வலது கை லேசாக நடுங்கும், அடிகள் குறுகிவிடும், கதவு வாசலைக் கண்டால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். மருந்தோடு தினமும் பயிற்சியும் வேண்டும் என்றார்கள். செங்குடியில் இயன்முறை மருத்துவர் யாரும் இல்லை. ஆகவே பாளையங்கோட்டையில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி, இயன்முறை மருத்துவம் படித்த ரெஜினா அவரை நடக்கவைத்தாள். அவருடைய நடையுணரிக் காலுறைகள் ஒவ்வோர் அடியையும் அளந்து அவளுக்கு அனுப்பும். அவள் சொல்வது அவர் காதிலிருந்த செவிமணியில் ஒலிக்கும்.

முதல் வாரம் பெருங்கூத்து. அவர் கூன்போட்டு நடந்த சேதி அவளுக்குப் போய்ச்சேரப் பதினான்கு நிமிடம், அவள் பதில் வரப் பதினான்கு நிமிடம். "நிமிருங்க அண்ணாச்சி!" என்ற குரல் வந்தபோது அவர் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப்போனார். மனிதர் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நிமிர்ந்து நின்றார். அந்த இடத்தில்தான் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வீட்டு வேலை பார்க்கும் இயந்திரமான ஏவலன் உதவிக்கு வந்தது. கால் நின்றால் மணி அடித்தது. ரெஜினாவின் குரலைப் பதிந்துவைத்து ஒலிக்கவிட்டது. இரண்டு நாள் கால் பேச்சைக் கேட்டது. பிறகு, அலாரத்துக்குப் பழகிப்போன தூக்கம்போல, கண்டுகொள்ளவே இல்லை.

ரெஜினா விடவில்லை. அவருடைய நடையைப் பாடம் படித்தாள். எந்த வாசலில் எந்தக் கால் தயங்கும், சளி பிடித்த நாளில் எவ்வளவு மெதுவாக வருவார், மகளோடு மனத்தாங்கல் என்றால் எப்படி நடப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாயிற்று. அதன்பின் தவறுக்கு முன்பே அதட்டலை அனுப்பத் தொடங்கினாள். அவர் சமையலறை வாசலை நெருங்கும் நொடியில், "வலது கால், பெருசா!" என்று காதில் விழும். பதிவு அல்ல, தினமும் புதிதாகப் பேசி அனுப்பிய குரல், தினமும் வேறுவிதமான ஏச்சு. கால் எழும்பிவிடும். இன்னொரு கோளில் இருக்கும் மனிதரின் காலை இங்கிருந்து தூக்கிவைப்பது லேசுப்பட்ட காரியமா? அவரும் ஒருநாள்கூடப் பயிற்சிக்கு மட்டம் போட்டதில்லை.

மகள் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மணப்பெண்ணைத் தகப்பனார் கைபிடித்து மணவறைக்கு நடத்தி வருவது செங்குடி வழக்கம். மண்டபத்துக்கோ காற்று கசியாத குறுகிய கதவு.

"சக்கர நாற்காலியில போயிருங்களேன்" என்றார்கள் உறவினர்கள்.

"எங்கப்பா நடந்து வந்தாத்தான் நானும் வருவேன்" என்றாள் கோமதி.

ஆவுடையப்பன் ரெஜினாவிடம் கேட்டார்: "அந்த ஒரு வாசலை மட்டும் தாண்ட வச்சிரு, தாயி. நடுவுல நின்னுட்டேன்னா பிள்ள மனசு ஒடிஞ்சிரும்."

"பத்திரிகைய அனுப்புங்க அண்ணாச்சி. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

மணமகள் அழைப்பு காலை ஒன்பது மணி என்று பத்திரிகையில் இருந்தது. அன்று ஒன்பது மணிக்கு, பட்டுவேட்டிக்குள் காலுறையோடு அவர் தயாராக நின்றார். செவிமணி மூச்சுக் காட்டவில்லை. ஒன்பதேகால் ஆயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமா இன்னும் டிபன் பந்தியில் இருந்தார். அவர் வராமல் நாதஸ்வரம் தொடங்காது.

"அழைப்பிதழின்படி குரல் ஒன்பது மணிக்கு வந்திருக்க வேண்டும். இனி வர வாய்ப்பில்லை. நாற்காலி கொண்டுவரட்டுமா?" என்றது ஏவலன்.

"வேண்டாம்" என்றார். ஆனால் உள்ளுக்குள் பயந்துவிட்டார். ரெஜினா மறந்துவிட்டாள் என்று நினைக்கவே அவருக்கு வருத்தமாக இருந்தது.

ஒருவழியாக மாமா கைகழுவினார். நாதஸ்வரம் முழங்கியது. சடங்கு முடியும்வரை இயந்திரங்களுக்கு மண்டபத்துக்குள் இடமில்லை. ஏவலன் செருப்புகளோடு வெளியே நின்றது. கோமதியின் கையைப் பிடித்து நடந்த ஆவுடையப்பனின் வலது கால், சரியாகக் கதவருகே நின்றுவிட்டது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"அப்பா..."

"பொறும்மா." கால் அசையவில்லை.

அப்போது காதில் விழுந்தது: "அண்ணாச்சி, வாசலப் பாக்காதீய! அதத் தாண்டி மணவறையப் பாருங்க. வலது கால், பெருசா... வையுங்க!"

வைத்தார். அடுத்ததையும் வைத்தார். கைகளை வீசி, நெஞ்சை நிமிர்த்தி அவர் நடந்த அழகைப் பார்த்துக் கோமதி மையெல்லாம் கரைய அழுதாள்.

தாலி ஏறியதும் அவர் கேட்டனுப்பினார்: "ஒம்பது மணின்னுதான போட்டிருந்துச்சு? எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

இலையில் பாயசம் விழும்போது பதில் வந்தது. "ஒங்க நடையப் படிக்கத்தான் எனக்கு மாசக்கணக்கா ஆச்சு அண்ணாச்சி. நம்மாளுவ ஒம்பதுன்னு போட்டா எப்ப கிளம்புவாவன்னு படிக்கவா செய்யணும்? அரைமணி நேரம் சேத்துக்கிட்டேன். மாப்பிள்ளைக்கு மாமா இருப்பாருல்லா, அவருக்கு ஒரு அஞ்சு நிமிசம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த ஏவலனிடம் விஷயத்தைச் சொன்னார். அது சற்று யோசித்து, "இந்தத் தாமதம் எந்த விதியில் இருக்கிறது?" என்று கேட்டது.

அதற்குள் புகைப்படக்காரர் எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்: "ஒரே ஒரு குரூப் போட்டோ, ரெண்டே நிமிஷம்!"

ஏவலன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நம்பிக்கையோடு நொடிகளை எண்ணத் தொடங்கியது.