அழித்த இடத்தில் ஒரு முகம்

மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மழை விட்டபாடில்லை. கேட்டின் பூட்டு துருவேறி அடம்பிடித்தது. கணவன் சாவியைத் திருகிக்கொண்டிருக்க, டீச்சர் குடையைப் பிடித்தபடி பின்னால் நின்றாள். யார் வந்தாலும் இந்தக் கேட்டு சட்டென்று திறந்ததில்லை. உள்ளே இருந்த மனுஷர்களும் அப்படித்தான் என்பதை அவள் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டிருந்தாள்.

ஆரம்பப் பள்ளியில் வேலை பார்ப்பதால் அந்த வீட்டில் அவளுக்கு டீச்சர் என்றே பெயர். கணவன் ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் திருத்துகிறவன். முகத்துப் பரு, பின்னால் தெரியும் மின்கம்பி, குறுக்கே வந்த ஆள், எதுவானாலும் இருந்த சுவடே தெரியாமல் எடுத்துவிடுவான். அந்த வேலையில் அவனை அடிக்க ஆளில்லை என்று கம்பெனியில் சொல்வார்கள். அவனும் சொல்வான்.

மாமியாருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். இனி அவளைத் தனியாக விட முடியாது, தங்களோடு அழைத்துப்போகலாம் என்று வந்திருந்தார்கள். மாமியார் கிளம்பச் சம்மதித்தாள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்டாள்.

"டீச்சரம்மா, உங்க மாமா எடுத்த படமெல்லாம் அவர் ரூம்ல அந்த ஹார்ட் டிஸ்க்லதான் கிடக்கு. அதுல பாப்பா இருப்பா. ஒரே ஒரு தடவை பெருசு பண்ணிக் காட்டும்மா. அப்புறம் கண்ணு போனா போகட்டும்."

பாப்பா என்பது கணவனின் தங்கை. டீச்சர் பார்த்தேயிராத நாத்தனார். அண்ணனுக்குப் பிடிக்காத ஒருத்தனோடு வீட்டைவிட்டுப் போனவள், ஒரு வருஷத்துக்குள் எங்கோ ஒரு வாடகை அறையில் காய்ச்சலில் செத்துப்போனாள். வீட்டுச் சுவரில் அவளுக்கு ஒரு படம்கூடக் கிடையாது.

"போனவ ஒரு தடவையாச்சும் வந்து எட்டிப் பாத்தாளா?" என்று மாமியார் வழக்கம்போல ஆரம்பித்தாள். "பெத்தவ இருக்காளா செத்தாளான்னு கேக்கலையே. அவ்வளவு கல்லு மனசு. ஆனாலும் பாக்கணும் போல இருக்கு, என்ன பண்ண?"

"அந்த டிஸ்க் எப்பவோ போயிருக்கும்மா. விடு," என்றான் கணவன். சொல்லிவிட்டு அம்மாவின் துணிமணிகளை மூட்டை கட்ட மாடிக்குப் போய்விட்டான்.

டிஸ்க் போகவில்லை. காலமான மாமனாரின் அறையில், மேஜை இழுப்பறைக்குள், ஒரு கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. கல்யாணத்துக்குப் போனாலும் துக்கத்துக்குப் போனாலும் கழுத்தில் கேமராவோடு போன மனுஷர் அவர். மேஜைமேல் அவருடைய பழைய லேப்டாப். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, எதிர்ப்பக்கம் ஒன்று. ஜன்னல் பல நாளாகத் திறக்கப்படாததால் அறையில் பூஞ்சை நெடி அடித்தது. டிஸ்கைச் செருகியதும் உள்ளே ஏதோ சுற்றத் தொடங்கியது. நடுநடுவே நகத்தால் தட்டுவதுபோல் டிக் என்றது.

மாமனாரின் ஃபோட்டோ புரோகிராம் திறந்தது. தபால்தலை அளவில் வரிசை வரிசையாகச் சின்னப் படங்கள். பலவற்றில் ஒரு பெண் இருந்தாள். ரெட்டைப் பின்னலோடு சைக்கிளில், சோபாவில் மாமனாரின் தோளில் சாய்ந்தபடி, மாமியாரின் மடியில் தலைவைத்து. சிரிக்கும்போது மேலுதடு கொஞ்சம் ஒரு பக்கமாக ஏறியது. கணவனுக்கும் அப்படித்தான் ஏறும்.

"அத்தை! கிடைச்சுட்டா!" என்று கத்தினாள்.

பக்கத்து அறையிலிருந்து மாமியார் தடவித் தடவி எழும் சத்தம் கேட்டது. "நீங்க அங்கேயே இருங்க, நான் கொண்டுவரேன்," என்று சொல்லிவிட்டு சோபா படத்தைத் தட்டினாள். அது திரை நிறைய விரிந்தது.

சோபாவில் மாமனார் மட்டும் இருந்தார்.

அவர் கை வளைந்து நீண்டு, வெறும் காற்றை அணைத்துக்கொண்டிருந்தது. பின்னால் திரைச்சீலை மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வேறு படத்தைத் தட்டிவிட்டோம் போலிருக்கிறது என்று திரும்பிப் போனாள். அதே படம்தான். ஆனால் இப்போது தபால்தலையிலும் அவர் தனியாக இருந்தார்.

சைக்கிள் படத்தைத் தட்டினாள். விரிந்ததில் ஆளில்லாத சைக்கிள் சாயாமல் நின்றது. தரையில் மட்டும் ரெட்டைப் பின்னலின் நிழல் இருந்தது. அதை எடுக்க மறந்திருக்கிறார்கள்.

மறந்திருக்கிறார்கள் அல்ல, மறந்திருக்கிறான். இப்படிச் சுத்தமாக எடுக்கிற கை யாருடையது என்று டீச்சருக்குத் தெரியாதா? டிஸ்கைக் கம்பெனிக்குக் கொண்டுபோய், தங்கையை ஒவ்வொரு படத்திலிருந்தும் பொறுமையாகத் துடைத்து, அதே பெயரில் அதன்மேலேயே சேமித்திருக்கிறான். மாமனாரின் லேப்டாப்புக்கு அந்த விஷயம் தெரியாது. பழைய சின்னப் படங்களை அது தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது. பெரிதாக்கும்போதுதான் டிஸ்க்கில் உள்ளதைப் பார்த்து, தன்னிடம் இருந்ததையும் மாற்றிக்கொள்கிறது.

அதாவது, அவள் ஆசையாகத் திறந்த ஒவ்வொரு படத்திலும் அவளே பாப்பாவை இன்னொரு தடவை கொன்றிருக்கிறாள்.

கையை எடுத்துக்கொண்டாள். திறக்காமல் கண்ணால் மட்டும் வரிசையைப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி வரிசையில் ஒரு படம் அவளை நிறுத்தியது. இதே ஜன்னல் வழியாக எடுத்தது. மழை. பூட்டிய கேட்டு. கேட்டுக்கு வெளியே, குடையில்லாமல், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாப்பா நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

வந்திருக்கிறாள். எட்டிப் பார்க்காதவள் இல்லை.

இந்த ஒரு படம் போதும். ஃபோனால் திரையைப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி மாமியாரிடம் காட்டிவிடலாம். கைப்பையை எடுக்க டீச்சர் கூடத்துக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது லேப்டாப் முன்னால் கணவன் உட்கார்ந்திருந்தான்.

"இங்க என்ன பண்றே?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டான்.

"அவங்க வந்திருக்காங்க. மழையில நின்னிருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"சாவி என் கையிலதான் இருந்துச்சு."

"திறக்கலையா?"

"அம்மா அப்ப ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. அவ போனதுலதான் அவங்களுக்கு அப்படி ஆச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திறக்கச் சொல்ற?" அவன் திரையையே பார்த்தான். "அப்பா ஜன்னல்ல நின்னாரு. படம் புடிச்சாரே தவிர அவரும் வாயைத் திறக்கலை."

"அத்தைகிட்ட இதைக் காட்டணுங்க. அவங்க பாவம்ங்க. பொண்ணு வரவே இல்லைன்னு நினைச்சு நினைச்சு..."

"அதனாலதான் காட்டக் கூடாது."

அவன் விரல் அசைந்தது. எல்லாப் படங்களும் தேர்வாகி நீலமாயின. டீச்சர் பாய்ந்து அவன் கையைப் பிடிப்பதற்குள் 'அனைத்தையும் புதுப்பி' என்பதைத் தட்டிவிட்டான்.

வரிசை வரிசையாகப் பாப்பா மறைந்தாள். டீச்சர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபோது கேட்டுக்கு வெளியே மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவள் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை.

டிஸ்க் டிக் என்றது.

திரையின் அடியில் ஒரு வரி வந்தது: 'முகங்களைத் தேடுகிறது.'

"அது தானா ஓடும். புதுப்பிச்சா முகத்தையெல்லாம் தேடிப் பேர் கேக்கும்," என்றான்.

முதல் படம் பெரிதாக வந்தது. அதே கேட்டு, அதே மழை. கேட்டுக்கு வெளியே, ஆளுயரத்தில், வெற்றிடத்தின் மேல் ஒரு மஞ்சள் சதுரம் விழுந்தது. சதுரத்துக்குக் கீழே கேள்வி.

'இவர் யார்?'

"பழைய புரோகிராம். செடியையும் சுவரையும் முகம்னு நினைச்சுக்கும்," என்று சிரிக்கப் பார்த்தான். 'விடு' என்பதைத் தட்டினான்.

அடுத்த படம், புது ஸ்கூட்டர் வாங்கிய அன்று எடுத்தது. சதுரம் கேட்டுக்கு உள்ளே இருந்தது.

'இவர் யார்?'

அவன் தட்டினான். அடுத்தது வாசல்படி. சதுரம் மூடிய கதவின் மேல் இருந்தது. அடுத்தது கூடம். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, யாருமில்லாத இடத்தில்.

"நிறுத்துங்க," என்று டீச்சர் முணுமுணுத்தாள்.

"நான் எதையும் தொடலை."

உண்மைதான். அவன் கைகள் மடியில் இருந்தன. படங்கள் தாமாகவே மாறிக்கொண்டிருந்தன. கூடத்துக்கு அடுத்தது, இந்த அறையின் கதவு. பூஞ்சை நெடிக்கு நடுவே இன்னொரு வாடை ஏறியது. நனைந்து, பிழியாமல், நாள் முழுக்க உடம்பிலேயே கிடந்த துணியின் வாடை.

கடைசிப் படம் வந்தது. லேப்டாப் வாங்கிய புதிதில், மாமனார் இந்த மேஜையை ஆசையாக எடுத்த படம்.

சதுரம் எதிர் நாற்காலியின் மேல் இருந்தது.

டீச்சர் தலையைத் தூக்காமலே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். முடியவில்லை. எதிர் நாற்காலியில் யாருமில்லை. அதன் முதுகில் மட்டும் தண்ணீர் கோடு கோடாக வழிந்து தரையில் சொட்டியது.

சொட்.

சொட்.

அப்புறம் சொட்டுகிற சத்தம் நாற்காலியைவிட்டு நகர்ந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவில் கடந்து, கதவைத் தாண்டி, பக்கத்து அறைக்குப் போனது.

"யாரும்மா அது?" என்றாள் மாமியார் அங்கே. பிறகு அந்தக் குரல் உடைந்தது. "அடிப் பாவி. இப்படியா நனைஞ்சுட்டு வருவே? தலைய துவட்டிக்கக் கூடாது?"

கணவன் டிஸ்கைப் பிடுங்கினான். வயர் மேஜையில் அடித்து விழுந்தது. திரையில் சதுரம் போகவில்லை. யாரையாவது கூப்பிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஃபோனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான். 'முகம் பொருந்தவில்லை' என்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிடித்தான். ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்ப் பிடித்தான். தினமும் நூறு தடவை அவனைப் பார்த்துத் திறக்கிற ஃபோன், முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பூட்டிக்கொண்டே இருந்தது. அதை மேஜையில் எறிந்துவிட்டு அம்மாவின் அறைக்கு ஓடினான். டீச்சரும் பின்னால் ஓடினாள்.

மாமியார் கட்டிலின் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கி, பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டிருந்தாள். மெத்தை அங்கே அமுங்கி ஈரமாக இருந்தது. மாமியார் காற்றில் கையை உயர்த்தி, ஒரு நெற்றி, ஒரு கன்னம், ஒரு மேலுதடு என்று மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எலும்பா போயிட்டியேடி," என்றாள்.

"அம்மா, எந்திரி. கிளம்பலாம்," என்று அவன் குனிந்து அவள் தோளைத் தொட்டான்.

அவள் கை அவன் முகத்துக்கு வந்தது. நெற்றியைத் தடவியது, மூக்கைத் தடவியது. உதட்டில் கொஞ்சம் நின்றது. பெற்று வளர்த்தவளின் கை அது.

"யாருப்பா இது?" என்றாள் மாமியார்.

"நான்தாம்மா. உன் பையன்மா!"

மாமியார் அந்தக் குரலை ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஈரமான பக்கமாகத் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னாள். "பாப்பா, யாரோ வந்திருக்காங்க பாரு. யாருன்னு தெரியலை. கேட்டைப் பூட்டிட்டு வா."

அவன் அழுதான். டீச்சருக்கு அவனைத் தேற்றத் தோன்றவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மழையில், காருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மாமியாரை இந்த நிலையில் எப்படி விட்டுவிட்டுப் போவது, யாரைக் கூப்பிடுவது என்று ஒன்றும் ஓடவில்லை. தன் ஃபோனைத் தேடினாள். அது கைப்பையோடு மாமனாரின் அறையிலேயே கிடந்தது.

தனியாகத்தான் திரும்பிப் போனாள். பக்கத்து அறையில் மாமியார் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து டீச்சர் கேட்டதே இல்லை. பேச்சு இல்லை, துண்டால் தலை துவட்டுகிற சத்தம் மட்டும் இடையிடையே வந்தது.

டிஸ்க் தரையில் கிடந்தது. செருகியிருக்கவில்லை. ஆனாலும் உள்ளே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் பார்த்தாள். கணவன் எறிந்துவிட்டுப் போன ஃபோன் இப்போது லேப்டாப்பின் முதுகில் சாய்ந்து நிமிர்ந்திருந்தது. எதிர் நாற்காலியைப் பார்த்தபடி. பக்கத்து அறையில் துவட்டுகிற சத்தம் நின்றிருந்தது; நாற்காலியின் முதுகில் மறுபடியும் தண்ணீர் வழிந்தது.

அதன் திரை ஒளிர்ந்தது. யாருமில்லாத அந்த நாற்காலியை அது ஒரு கணம் பார்த்தது.

பிறகு, வழக்கமான அந்தச் சின்னச் சத்தத்தோடு, பூட்டு திறந்தது.